கச்சி மாநகரில் மணிமேகலை: அறத்திற்கு அடிப்படை யாது?

கடவுள்மேல் வைத்த நம்பிக்கை நீங்கியவிடத்து வாழ்க்கைக்குப் பொருள் உண்டோ என்னும் வினா சென்ற நூற்றாண்டின் ஐரோப்பிய இருத்தலியலாரை மிகவும் வருத்திற்று. 1945இல் பாரிசு நகரில் ஆற்றிய சொற்பொழிவில் சார்த்தர், மனிதன் முதற்கண் இருக்கின்றான். பின்னரே தன் செயல்களால் தன்னை இன்னான் என ஆக்கிக்கொள்கின்றான் என்று விளக்கினார். படைத்தோன் ஒருவனை ஏலாத பௌத்த நெறியின் காப்பியமாதலின், மணிமேகலையையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணுதல் எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பொருந்தாமையைக் கூறுதல் நேர்மை. மணிமேகலையில் தெய்வங்கள் பல உள. மணிமேகலா தெய்வம் தலைவியை மணிபல்லவத்திற்கு எடுத்துச் செல்கின்றது. தீவதிலகை அவளுக்கு அமுதசுரபியைக் காட்டுகின்றாள். பழம்பிறப்பும் வினைப்பயனும் கதையை நடத்துகின்றன. வஞ்சி நகரில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்கும் தலைவி, கண்கூடான காட்சியொன்றே அளவை எனவும் மறுபிறப்பு இல்லை எனவும் வாதிடும் பூதவாதியை ஏற்றாளல்லள். காட்சியே அளவையாயின், உன் தாய் தந்தையரை இன்னார் என நீ எங்ஙனம் அறிவாய் என்று அவனை மடக்குகின்றாள். ஆகவே சாத்தனாரைக் கடவுள் மறுப்பாளர் எனவோ இருத்தலியலாரின் முன்னோடி எனவோ கூறுதல் நூலுக்கு மாறாகும்.

ஆயினும் தெய்வங்கள் உள என்பது வேறு. அறம் தெய்வத்தால் பொருள் பெறுகின்றது என்பது வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணின் நூலின் உள்ளம் விளங்கும்.

இதற்குச் சான்று ஆபுத்திரன் வரலாறு. அமுதசுரபியைப் பெறுவதற்கு முன்னரே அவன் மதுரையில் இல்லந்தோறும் இரந்து, குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். சிந்தாதேவி அருளியது பாத்திரமே. ஊட்டும் உள்ளம் அவன்பால் முன்னரே இருந்தது. பின்னர் இந்திரன் நேரில் வந்து, கொடைக்குரிய பயனைக் கொள்க என்றபோது, அவன் நகைத்து மறுத்தான். அறம் செய்வாரும் பிறரைக் காப்பாரும் இல்லாத தேவருலகம் தனக்கு எற்றுக்கு என்பது அவன் கருத்து. இறுதியில் ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, பிறர்க்குப் பயன்படாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணாநோன்பால் உயிர் நீத்தான். தெய்வம் தந்த வற்றாத கலம் கையில் இருந்தும், பசித்தோர் இல்லாதவிடத்து அவன் வாழ்வுக்குப் பொருள் இல்லையாயிற்று. பொருளைத் தந்தது கலம் அன்று. பிறர் பசியே என்பது தெளிவு.

இக்கருத்து முற்றுப்பெறும் இடம் காஞ்சி. இந்நாளில் கோயில்களாலும் பட்டு நெசவாலும் அறியப்படும் அந்நகர், முற்காலத்தில் பௌத்தமும் சமணமும் தழைத்த நகருமாகும். பல சமயத்தாரையும் எள்ளி நகையாடும் மத்தவிலாசம் என்னும் அங்கத நாடகத்தை மகேந்திரவர்மன் அந்நகரையே களனாகக் கொண்டு இயற்றினான். மணிமேகலை கச்சியிற் புக்கபோது நகர் வற்கடத்தால் வாடிற்று. மன்னன் இளங்கிள்ளி, செங்கோல் கோடியதோ, தவம் பிழைத்ததோ, மகளிர் கற்புக் குறைந்ததோ எனக் காரணம் தேடி மயங்குகின்றான். பதினெண் மொழி பேசுவோரும் நோயுற்றோரும் உறுப்புக் குறைந்தோரும் வறியோரும் ஒருங்கே வந்து உண்கின்றனர். யார் எச்சமயத்தார், எவ்வினையால் வாடினார் என்னும் வினா அவ்விடத்து எழவில்லை.

இவ்விடத்தில் ஆல்பெர் காம்யு 1947இல் வெளியிட்ட ‘கொள்ளைநோய்’ என்னும் புதினம் நினைவுக்கு வருகின்றது. ஓரான் நகரில் நோய் பரவுகின்றது. பாதிரியார் அதனை இறைவன் தண்டனை என முதலில் உரைக்கின்றார். இறைநம்பிக்கையற்ற மருத்துவர் ரியூவோ நோயாளியை நோக்கி நடக்கின்றார். நம்பிக்கையால் அவரும் மணிமேகலையும் நெடுந்தொலைவினர். அவர்க்கு இப்பிறப்பு ஒன்றே. அவளுக்குப் பிறவித் தொடர் உண்டு. ஆயின் துன்பத்தின் காரணம் ஆராய்ந்து முடியும்வரை துன்புற்றோரைக் காத்திருக்கச் செய்யலாகாது என்பதில் இருவரும் ஒருவரே.

காதை வைப்பு முறையும் இதற்கு அரண் செய்கின்றது. 28ஆம் காதையில் ஊட்டல். 29ஆம் காதையில் அறவணர்பால் அளவைகளை முறையாகக் கேட்டல். 30ஆம் காதையில் நோன்பு. அடிகள்பால் அவள் முன்னரே சில கேட்டதுண்டு; எனினும் முழுமையான சமயக் கல்வி அறச்செயலின் பின்னரே வைக்கப்பட்டுள்ளது. கொள்கை அறத்தைத் தோற்றுவிக்கவில்லை. முன்னரே நிகழும் அறத்திற்கு விளக்கம் தருகின்றது.

ஆதலின் இந்நூலைச் சமயப் பரப்புரை என ஒதுக்குவோரும், நாத்திக நூல் எனக் கொண்டாடுவோரும் ஒரு பிழையையே செய்கின்றனர். இருவரும் 27ஆம் காதையின் வாதங்களோடு நின்றுவிடுகின்றனர். நம்பிக்கை உடையார்க்கும் இழந்தார்க்கும் சாத்தனார் விடுக்கும் வினா ஒன்றே: நின் வாயிலில் பசித்து நிற்பவனுக்கு யாது செய்தனை? வாழ்க்கைக்குப் பொருள் உண்டோ என ஐயுறுவார், 28ஆம் காதையினின்று தொடங்கிப் படித்தல் நன்று.