அகன்ற எழுத்தும் அடைபடும் சுழியும்

எழுத்தைத் தடிப்பாக்கினால் கண்ணைக் கவரும் என்பது விளம்பரத்தார் துணிபு. கவர்வது வேறு, படிக்கப்படுவது வேறு. உரோமன் எழுத்துக்கு வகுத்த தடிப்பையும் அகலத்தையும் அப்படியே தமிழுக்கு ஏற்றினால் அவ்வேறுபாடு வெளிப்படும்.

சிலாங்கூரில் உள்ள டெங்கில் என்னும் ஊர்ப்பெயரையே சான்றாகக் கொள்ளலாம். 1995இல் புத்ராஜெயா நகரமைப்புத் தொடங்கிய பின்னர், பிராங் புசார் முதலிய தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வூருக்குப் பெயர்ந்தன. ஆதலின், தமிழ்ப் பலகையைப் படிப்போர் இங்கு உளர். அப்பெயரில் டகரம் இரண்டு நேர்கோடுகளே. ஙகரமோ கோடும் வளைவும் நெருங்கியது. இரண்டுக்கும் ஒரே தடிப்பைக் கொடுத்தால் முன்னது வெறுமையாகவும் பின்னது கரிய திட்டாகவும் தோன்றும்.

இஃது அழகைப் பற்றிய குறை மட்டும் அன்று. பொருளைப் பற்றிய குறையும் ஆகும். மூன்று சுழி ணகரத்தில் ஒரு சுழி அடைபட்டால் ‘மணம்’ ‘மனம்’ ஆகும். நெடிலின் மேற்சுழி நிரம்பிவிட்டால் ‘மீன் கடை’ ‘மின் கடை’ ஆகும்.

இவ்விடர்ப்பாட்டுக்குத் தக்க விடை தந்துள்ள எழுத்துருக்களுள் ‘அனேக் தமிழ்’ ஒன்று. மும்பையின் ‘ஏக் டைப்’ குழுவினர் பத்து எழுத்து முறைகளுக்கு அமைத்து 2022இல் கட்டணமின்றி வெளியிட்ட தொகுதியின் தமிழ்ப் பகுதி இது. எட்டுத் தடிப்பும் ஐந்து அகலமும் உடையது. இதன் மிகத் தடித்த, மிக அகன்ற வடிவத்தை நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும்: தமிழில் அகலம் ஆடம்பரம் அன்று. தடித்த கோடு பறித்துக்கொள்ளும் வெண்மையைச் சுழிகளுக்குத் திருப்பித் தருவதே அதன் பணி. ஒரு சீராக ஓடும் கோடும் தமிழுக்குப் புதிதன்று. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு அத்தகையதே.

ஆயினும் எல்லா இடத்திற்கும் இவ்வடிவம் பொருந்தாது. மலேசியாவில் பெயர்ப்பலகைகளில் தேசிய மொழியே முதன்மை பெறுதல் வேண்டும் என்பது ஊராட்சி அமைப்புகளின் விதி. எனவே தமிழுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு குறுகிய பட்டை. ‘தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி’ என்னும் நீண்ட தொடரை அகன்ற எழுத்தில் அப்பட்டைக்குள் அடக்க வேண்டுமானால் உயரத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் முதலில் மறைவன புள்ளியும் சுழியுமே. அங்கே அதே தொகுதியின் இயல்பான அகலமும் நடுத்தரத் தடிப்புமே ஏற்றவை. நான்கைந்து எழுத்துகளில் அமைந்த வணிகப் பெயருக்கும் நாளிதழின் குறுந்தலைப்புக்கும் அகன்ற வடிவம் சிறக்கும்.

எனவே, குறை எழுத்துருவில் இருப்பதை விடத் தேர்வில் இருப்பதே மிகுதி. கணினித் திரையில் பெரிதாகக் கண்டு மகிழ்ந்து தேர்ந்தெடுப்போர், பலகை நிற்கும் தொலைவில் அதனைக் காண்பதில்லை. அச்சிடுமுன் அவ்வடிவத்தை உரிய அளவில் தாளில் எடுத்து, சாலையின் மறுபுறத்தில் நின்று ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. புள்ளி தெரிகின்றதா, சுழி திறந்திருக்கின்றதா என்னும் இரண்டு வினாக்களே போதும். சிறிய பட்டையில் இடம்பெறும் மொழிக்குத் தெளிவே வலிமை.