பெயர் போடாத மரக்கட்டைகள்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. சாக்கையோடு நின்றிருந்த ரயில்பாதை 1931இல் இங்கே வந்து சேர்ந்தது. திருவிதாங்கூர் அரசுப் பேருந்துகள் 1938இல் ஓடத் தொடங்கியபோது முதல் தடமே கன்னியாகுமரித் தடம்தான். நாஞ்சில் நாட்டிலிருந்து ரயிலேறி வர 1979 ஆயிற்று. வழக்குக்கும் வைத்தியத்துக்கும் சாலைக் கடைத்தெருவில் சரக்கெடுக்கவும் வந்த தமிழர்களுக்கு அதுவரை பேருந்துதான் கதி. இப்படி ஆட்கள் கூடிக் காத்துக்கிடக்கும் இடங்களே மலிவான அச்சுக்கு உலகெங்கும் சந்தை. மடியில் அரைச் சக்கரமோ அரையணாவோ இருந்து, வண்டி வர நேரமும் இருந்தால் எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்று கைமாறிவிடும்.

அந்தப் புத்தகங்களின் பாட்டைப் பற்றித் தமிழில் ஓரளவு பேசிவிட்டோம். படத்தைப் பற்றிப் பேசவேயில்லை. இந்தக் கட்டுரை அந்தப் படங்களுக்காக.

இந்தியர்கள் தாமே அச்சுக்கூடம் நடத்த 1835இல் வழி திறந்தது. அதற்குப் பிறகு சென்னையில் பெருகிய சிறு அச்சுக்கூடங்களிலிருந்து இரண்டு வகை நூல்கள் தெருவுக்கு வந்தன. ஒன்று, குஜிலிக் கடைகளின் பெயரால் அறியப்பட்ட சிந்து, கும்மி, ஒப்பாரிப் பாட்டுகள். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியதும், 1952இல் கொலையுண்ட ஆளவந்தாரின் உடல் பெட்டிக்குள் போட் மெயிலில் பயணம் போனதும் பாட்டாகி விற்பனைக்கு வந்தன. ரயில் கவிழ்ந்தாலும் ஆறு உடைத்தாலும் பாட்டு வரும். விற்பவர் முச்சந்தியில் நின்று பாடுவார், கேட்டவர் வாங்குவார். பகத்சிங் தூக்கிலிடப்பட்ட பின் வந்த பாட்டுப் புத்தகங்களைத் தடைசெய்யும் அளவுக்கு ஆங்கில அரசு இவற்றுக்கு அஞ்சியது.

இன்னொன்று, பெரிய எழுத்துக் கதைகள். விக்கிரமாதித்தன், மதனகாமராஜன், நல்லதங்காள், தேசிங்குராஜன், அல்லி அரசாணி மாலை. கொண்டித்தோப்பில் இருந்த பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் வெளியிட்ட பிரதிகளைத் தெற்கத்தி வீடுகளில் பலர் பார்த்திருப்பார்கள். எழுத்து பெரிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. எண்ணெய் விளக்கு, வயதான கண், புதிதாக எழுத்துக்கூட்டிப் படிப்பவர் என்று மூன்றையும் மனதில் வைத்து அடுக்கிய பக்கங்கள் அவை. ஒருவர் படிக்க வீடே கேட்டது. சித்திரா பௌர்ணமியன்று சித்திரபுத்திர நயினார் கதை வாசிக்கும் வழக்கமும் அப்படிப்பட்டதுதான். இந்த நூல்களில்தான் படங்கள் மிகுதி.

படம் ஏன் மரக்கட்டையில் வந்தது என்பதை அச்சுக்கூடத்துக்குள் நின்று பார்த்தால் புரியும். ஈய எழுத்தின் உயரத்துக்கு மரத்தை இழைத்து, உருவத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி மற்றதைக் குடைந்துவிட்டால், அந்தக் கட்டையை எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் வைத்து முடுக்கிவிடலாம். பாட்டும் படமும் ஒரே மையில், ஒரே அழுத்தில் தாளில் இறங்கும். கல்லச்சானால் அதற்குத் தனிக் கல், தனி எந்திரம், தனி ஆள். அரையணாப் புத்தகம் அந்தச் செலவைத் தாங்காது. ஒருமுறை செதுக்கிய கட்டையும் வீணாகாது. ஒரு கதையில் அரிச்சந்திரனாக நின்ற ராஜா அடுத்த கதையில் வேறொரு ராஜாவாக வருவார். குதிரைமேல் இருப்பவருக்கு எந்த வீரனின் பெயரும் பொருந்தும். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கூத்தில் ஒரே முடி பல அரசர்களுக்குப் பொருந்துவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் குழப்பமே இருந்திருக்காது.

மெக்சிகோவிலும் ஏறக்குறைய இதே தொழில்தான் நடந்தது. மெக்சிகோ நகரத்தில் 1880இல் அந்தோனியோ வனேகாஸ் அரோயோ தொடங்கிய பதிப்பகம் கொலைச் செய்தி, தூக்குத் தண்டனை, அற்புதம், சமையல் குறிப்பு, காதல் கடித மாதிரி, குழந்தை நாடகம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மலிவான வண்ணத் தாளில் அச்சிட்டு விற்றது. அங்கும் தெருப் பாடகர் உண்டு. கொரிதோ என்னும் கதைப்பாட்டு நம் கொலைச் சிந்துக்கு உறவு. நவம்பர் முதல் நாட்களில் வரும் இறந்தோர் திருநாளுக்கு எலும்புக்கூட்டுப் படத்தோடு கேலிப் பாட்டுத் தாள்கள் வரும். அதிகாரி, சீமாட்டி, குடிகாரர் எல்லோரும் மண்டையோடாகச் சிரிப்பார்கள்.

அந்தப் படங்களை வரைந்தவர் பெயர் உலகத்துக்குத் தெரியும்: ஹோசே குவாதலூப்பே போசாதா. 1852இல் ஆகுவாஸ்காலியெந்தேஸ் ஊரில் பிறந்தவர். லியோன் நகரில் கல்லச்சுப் பட்டறை வைத்திருந்தார். 1888 வெள்ளத்துக்குப் பின் தலைநகருக்கு வந்தார். முதலில் எழுத்து வார்க்கும் ஈயத்தில் உளியால் கீறினார். பின்னர் துத்தநாகத் தகட்டில் அமிலம் தின்னாத மையால் வரைந்து, மற்ற இடத்தை அமிலத்துக்குத் தின்னக் கொடுக்கும் முறைக்கு மாறினார். அது வேகமான முறை. கொலை நடந்த சூட்டிலேயே அதற்கான படத்தைத் தாளில் ஏற்ற இந்த வேகம் உதவியது. 1913இல் வறுமையில் இறந்தார். அவருக்கென்று ஒரு கல்லறைகூட மிஞ்சவில்லை.

அவரைத் திரும்ப எழுப்பியவர்கள் ஓவியர்கள். பள்ளிக்குப் போகும் வழியில் போசாதா வேலை செய்வதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததாக ஓரோஸ்கோ தன் வரலாற்றில் எழுதினார். 1920களில் ஜான் ஷார்லோ அவரைப் பற்றி எழுதி வெளியே கொண்டுவந்தார். 1930இல் அவர் படங்களின் பெருந்தொகுப்பு தியேகோ ரிவேராவின் முன்னுரையோடு வந்தது. லியோபோல்தோ மெந்தேஸ் முதலானோர் 1937இல் தொடங்கிய மக்கள் அச்சோவியப் பட்டறை அவரையே முன்னோடியாகக் கொண்டது.

நம் பக்கம் நடந்தது வேறு. சிந்து எழுதியவர் தன் பெயரையும், பல வேளைகளில் தன் குருவின் பெயரையும் ஊரையும் மேலட்டையிலேயே போட்டுக்கொண்டார். பெரிய எழுத்துக் கதைகள் பலவற்றுக்கு நளவெண்பா பாடிய புகழேந்தியின் பெயரை இரவல் வாங்கினார்கள். பதிப்பாளர் பெயர், அச்சுக்கூடத்தின் பெயர், தெரு, கதவிலக்கம்வரை அச்சாகும். செதுக்கியவர் பெயருக்கு மட்டும் இடமில்லை. கல்கத்தாவின் பட்தலாவில் 19ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குக் கலைஞர் சிலர் படத்துக்குள்ளேயே பெயரைப் பொறித்தார்கள். நிருத்யலால் தத்தா, ராம்தன் ஸ்வர்ணகார் என்று இன்று சொல்ல முடிகிறது. தமிழில் அப்படிச் சொல்ல ஒரு பெயர்கூட நம்மிடம் புழக்கத்தில் இல்லை.

இதற்குப் பாதிக் காரணம் தொழிலிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்த் தெருப் புத்தகம் காதை நம்பி வாழ்ந்தது. பாடுகிறவரின் குரலே கூட்டத்தை நிறுத்தியது, மெட்டு கொண்டுபோய்ச் சேர்த்தது. போசாதாவின் படம் செய்தியையே சொன்னது. எழுத்துத் தெரியாதவரும் அதைப் பார்த்துக் கொலையை அறிந்தார். நம் கட்டைகள் செய்தியைச் சொல்லும் பொறுப்பை ஏற்கவில்லை, கதையுலகின் வாசலைக் காட்டின.

மீதிக் காரணத்தைத் திருவனந்தபுரத்தில் நின்று பேசுவதே பொருத்தம். இங்கிருந்து எட்டும் தொலைவில்தான் கிளிமானூர். அங்கே 1848இல் பிறந்த ரவிவர்மா, திருவிதாங்கூரின் முன்னாள் திவான் மாதவராவின் யோசனையைக் கேட்டு, 1894இல் பம்பாயில் வண்ணக் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். அந்த மரபு கோவில்பட்டி சி. கொண்டையராஜு வழியாகச் சிவகாசிக் காலண்டர்வரை நீண்டது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அச்சுப் படம் என்றாலே எண்ணெய் ஓவியத்தின் நகல் என்று நம் கண் பழகிப்போனது. உடல் நீண்டு, கண் முன்னோக்கி, கையில் ஐந்து விரலும் ஒரே அளவாய் நிற்கும் மரக்கட்டை உருவம் கைப்பழக்கம் போதாதவரின் வேலையாகத் தோன்றிவிட்டது. எனக்கு அந்த உருவங்களில் தேர்ச் சிற்பத்தின் உளி தெரிகிறது. கோடு தடிமனானது, தயக்கமற்றது. வெள்ளையை எங்கே விட வேண்டும் என்று தெரிந்த கை அது.

ஆய்வு என்ன செய்திருக்கிறது? ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 2003இல் தென்னிந்திய அச்சையும் நாட்டார் வழக்காற்றையும் சேர்த்து எழுதினார். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ 2004இல் வந்து, அதுவரை யாரும் மதிக்காத இந்த நூல்களைத் தமிழ் வாசக வரலாற்றின் நடுவில் வைத்தது. இவர்களுக்கு முன்பே பொருளைக் காப்பாற்றியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். கற்றவர்கள் சேர்க்கத் தயங்கிய குப்பைத்தாளை எழுத்தும் படமும் அறிந்த ஒரு தொழிலாளி சேர்த்தார் என்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. 1992இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பே சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று.

லண்டனிலும் கணிசமான பிரதிகள் உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலும் அரசுப் பதிவுக்குப் போனதால் வந்த சேர்க்கை அது. அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கானது. சமஸ்தானமான திருவிதாங்கூரில் அச்சான தமிழ்ச் சிறு நூல்களை அந்தப் பட்டியல்களில் தேடிப் பயனில்லை. இரவிக்குட்டிப் பிள்ளைப் போர், பஞ்சவன்காட்டு நீலி போன்ற கதைகள் தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் இந்தத் தெற்கு மண்ணில் புழங்கியவை. அவை அச்சேறியபோது எந்தக் கட்டையை எங்கிருந்து வாங்கி வைத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி. 1956இல் எல்லை பிரிந்தபோது தமிழ் நாட்டார் ஆய்வு நாகர்கோவில் பக்கமும் மலையாள ஆய்வு இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டன. இரண்டுக்கும் நடுவில் விழுந்தது இந்தத் தாள்தான். 

இந்தப் படங்களை ஆராயும் வேலையைத் தொடங்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மரக்கட்டை பயன்படப் பயன்படத் தேயும், விளிம்பு உடையும், விரிசல் நீளும். ஒரே ராஜாவின் படத்தைப் பத்து நூல்களிலிருந்து எடுத்துப் அருகருகே வைத்தால், விரிசலின் நீளத்தைக் கொண்டு ஆண்டு போடாத பதிப்புகளுக்கும் வரிசை சொல்லலாம். ஒரே கட்டை எந்தெந்த அச்சுக்கூடத்துக்குக் கைமாறியது என்பதும் தெரியவரும். ஒரே கையின் உளிப்பழக்கம் பல நூல்களில் தென்பட்டால், பெயர் கிடைக்காவிட்டாலும் இன்ன கதையின் செதுக்குநர் என்று அடையாளமிட்டு அவர் வேலை முழுவதையும் ஓரிடத்தில் சேர்க்க முடியும். பெயரில்லாத பழைய ஐரோப்பிய அச்சோவியர்களை அங்குள்ளோர் அப்படித்தான் வகைப்படுத்தினார்கள். பெரிய எழுத்து நூல்கள் இன்றும் மறுபதிப்பாகின்றன. படங்களை மங்கலான நகலாக்கி வெளியிடும் பதிப்பாளர்கள், பழைய கட்டைகள் பரணில் கிடந்தால் முதலில் அவற்றைப் படமெடுத்து ஒரு நூலகத்திடம் ஒப்படைக்கட்டும்.