ரிம்மா, டயரா: எதை முதலில் தேர்வு செய்வது?

காருக்குப் பெரிய அலாய் வீல் மாட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ரிம் பிடித்துப்போய், விலை பேசி, முன்பணமும் கொடுத்த பிறகுதான் டயரைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த ரிம்மில் எது உட்காருகிறதோ, எது விலை குறைவோ, அதுவே காருக்கு வந்து சேர்கிறது. ஆலங்குளம் பக்கத்துச் சாலைகளுக்கு இந்த வரிசை ஒத்துவராது. டயரை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ரிம்மைத் தேட வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்விஃப்ட். 2011இல் வந்த மாடலில் விலை குறைந்த வகைகளுக்கு 165/80 ஆர்14, உயர்வகைக்கு 185/65 ஆர்15 என்று கம்பெனியே இரண்டு அளவுகளைக் கொடுத்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் இரண்டு டயர்களின் மொத்த விட்டமும் 620 மி.மீ.யை ஒட்டியே வருகிறது. ரிம் ஓர் அங்குலம் கூடியிருக்கிறது, பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 120க்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 16 அங்குல ரிம்முக்கு 195/55 போட்டாலும் விட்டம் 621 மி.மீ. வந்துவிடும்.

அதே ரிம்மில் 195/50 டயரும் உட்காரும். அதை வாங்கினால் விட்டம் 601 மி.மீ. தான். கார் சுமார் 10 மி.மீ. தாழும். மீட்டர் 100 காட்டும்போது உண்மையான வேகம் 97க்குள் இருக்கும். இதைவிடக் கவலைப்பட வேண்டியது அளவுக்குப் பின்னால் வரும் சுமை எண். 85 என்றிருந்தால் அந்த டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. அகலம் கூடியதால் டயர் பலமானது என்று நம்பி, பழையதைவிடக் குறைவாகத் தாங்கும் டயரில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பலன் இல்லாமல் இல்லை. பக்கச்சுவர் குட்டையானால் வளைவில் டயர் குறைவாக நெளியும், ஸ்டியரிங் சொன்னபடி உடனே கேட்கும். சாத்தூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் இதை ஓட்டுபவர் நன்றாகவே உணரலாம். காய்ந்த தார்ச்சாலையில் பிடிமானமும் கூடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேறு. பட்டன் தேய்ந்த அகல டயர், ஒடுக்கமான டயரைவிடச் சீக்கிரமாகத் தண்ணீரின் மேல் வழுக்கும். ஈரத்தில் பிடிப்பதற்கு அகலத்தைவிட ரப்பரின் தரமும் பட்டனின் ஆழமும் முக்கியம். பட்டன் 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயரைக் காரில் ஓட்டச் சட்டமே அனுமதிக்கவில்லை.

நம் மண்ணையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். கரிசல் மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கும். மேலே போட்ட சாலை அதோடு சேர்ந்து அலையலையாகிறது, ஓரம் உடைகிறது. சிமென்ட், சுண்ணாம்புக்கல் லாரிகள் மீதியைச் செய்கின்றன. இப்படிப்பட்ட பள்ளத்தில் வேகமாக இறங்கினால் குட்டைப் பக்கச்சுவர் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே நசுங்கும். உள்ளிருக்கும் நூலிழை அறுந்து, வெளியே கொப்புளம்போல வீங்கும். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, டயரையே மாற்ற வேண்டும். அடி பலமாக இருந்தால் ரிம்மும் வளையும். அதனால்தான் இந்தப் பகுதியில் ஸ்விஃப்ட் போன்ற காருக்கு 15 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி என்கிறேன். நாள் முழுதும் நான்குவழிச் சாலையிலேயே ஓட்டுபவருக்கு 16 பொருந்தலாம். அதற்கு மேல் போவதற்கு அழகைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவைப் பற்றிய வழக்கில், தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மாடலின் உயர்வகைக்குக் கம்பெனி கொடுத்த அளவுக்குள் நின்றால் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸில் கேள்வி எழும் வாய்ப்பும் குறைவு.

ரிம்மில் போல்ட் ஓட்டைகள் பொருந்தினால் மட்டும் போதாது. மட்கார்டுக்கு வெளியே சக்கரம் துருத்தினால் பேரிங் சீக்கிரம் தேயும், சரளைக்கல் காரின் பக்கவாட்டில் தெறிக்கும். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2324 என்றால் 2024இன் 23வது வாரம். மாட்டி முடித்ததும் ஐந்து பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடித்து, ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். எங்காவது உரசும் சத்தம் கேட்டால், பழைய டயர்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.