காகத்தின் பங்கும் குருவியின் பங்கும்

குருவிகளுக்கென்று முற்றத்தில் வைக்கப்படும் தானியத்தைக் காகமும் புறாவும் கவர்ந்துகொள்ளாமலும், அவற்றுக்கு ஊறு எதுவும் நேராமலும் பங்கிடுவது எவ்வாறு என்பது பாக்கு நீரிணையின் இரு கரைத் தமிழ் வீடுகளுக்கும் பொதுவான கேள்வியாகும். இலங்கைத் தமிழர் பறவைக்கு உணவிடுவதைச் சடங்கோடு நிறுத்திக்கொண்டனர் என்றும், பறவை பேணல் தமிழகத்திலேயே வளர்ந்தது என்றும் அக்கரையிலிருந்து வருவோர் சிலர் கூறுவதுண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கப்பல்துறையின் வளவுகளை அறிந்தவர் அதனை ஏற்கமாட்டார்.

வளவு என்பது வீடு, கிணறு, மரங்கள் அனைத்தும் வேலிக்குள் அடங்கிய காணியாகும். செட்டிநாட்டில் இதே சொல் வீட்டின் உள்முற்றத்தைக் குறிப்பது வியப்புக்குரியது. வளவு அகன்றிருப்பதால் காகத்தின் சோறு மதிலிலோ கிணற்றடியிலோ முதலில் வைக்கப்பட, குருவியின் பங்கு எதிர்மூலையில், மூன்று கயிறுகளில் தொங்கும் சிரட்டையில் இடப்படுகிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் கொட்டாங்குச்சி எனப்படும் இச்சிரட்டையில் குறுணலோ, அக்கரையார் கேழ்வரகு என்னும் குரக்கனோ ஒரு பிடி அளவே இருக்கும். சிட்டுக்குருவியின் எடை ஏறத்தாழ 25 கிராம், காகத்தினுடையது 300 கிராமை ஒட்டியது. ஆதலால் குருவிக்கு அசையாத சிரட்டை காகம் அமர்ந்த உடனே சாய்ந்து ஆட, அது கல்லோ கூச்சலோ இன்றித் தன் சோற்றை நாடிப் போய்விடுகிறது. அந்தி சாயுமுன் மிச்சத்தை எடுத்துவிடுவதும் இம்முறையின் பகுதியே. புலுனிகள் (தமிழகத்தின் தவிட்டுக்குருவிகள்) கூட்டமாக வந்து சிந்தியதைப் பொறுக்கும். செண்பகம், அதாவது செம்போத்து, தானியத்தை நாடாவிடினும் கூட்டிலுள்ள முட்டையையும் குஞ்சையும் தின்னும் என்பதால், குருவி கூடு கட்டுவதற்காகத் தாழ்வாரத்தில் தொங்கவிடப்படும் மண்முட்டி இச்சிரட்டைக்குத் தொலைவில் இருத்தல் வேண்டும்.

காகத்துக்குத் தனி இடம் இருப்பது போலவே தனி நாள்களும் உண்டு. ஈழத்துச் சைவர் தந்தைக்கு ஆடி அமாவாசையிலும் தாய்க்குச் சித்திரா பௌர்ணமியிலும் விரதமிருந்து, காகத்துக்குச் சோறு வைத்த பின்பே உண்பர். புரட்டாசிச் சனி இங்கே சனீசுவரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துக் காகத்துக்குப் படைக்கும் நாளாக இருக்க, தமிழகத்தில் அதே சனிக்கிழமைகள் பெருமாளுக்கு உரியவை. அங்கும் நாள்தோறும் காக்கைக்குச் சோறு வைக்கும் வீடுகள் பல உள; பொங்கலின் மறுநாள் கனுப்பிடி வைக்கும் வழக்கமும் உண்டு. எனினும் நகரத்து மொட்டை மாடியில் காக்கையின் சோறும் குருவியின் தட்டும் ஒரே சுவரில் அமைவதாகவே சென்று திரும்பியோர் சொல்கின்றனர்.

தமிழகத்தின் நெற்கதிர்க் குஞ்சத்தைப் பாராட்டாதிருப்பது முறையன்று. அறுவடைக் கதிர்களைப் பின்னித் திண்ணையின் மேல் தொங்கவிடும்போது சிறுகுருவி தலைகீழாகப் பற்றிக்கொண்டும் கொத்தித் தின்ன, பெரும்பறவைக்குக் கால் ஊன்ற இடமே கிடைப்பதில்லை. ஆனால் அடுக்குமாடிகளில் இக்குஞ்சத்தின் இடத்தைப் புறா வலை, அதாவது பலகணியை முழுதும் மறைக்கும் நைலான் வலை, பிடித்துவருகிறது. மும்பையில் புறாக்களுக்குப் பொது இடத்தில் தானியமிடும் கபூத்தர்கானாக்களை, எச்சத்தால் நுரையீரல் நோய் வரும் என்ற காரணத்தால், 2025 ஜூலையில் மகாராட்டிர அரசு மூடப் பணித்ததும், தாதரில் இருந்தது தார்ப்பாயால் மூடப்பட்டபோது எதிர்ப்பு மூண்டதும், அளவின்றி இறைத்துவிட்டுப் பின்னர் ஒரேயடியாக நிறுத்துவதன் விளைவேயாகும். புறாவின் நிலை இதுவெனில், வீட்டுக்காகத்தையோ இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீங்குயிர்களின் அட்டவணையில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வட்டவணையை நீக்கியது.

கெற்றப்போல் (அக்கரையில் உண்டிவில்) ஏந்தும் சிறுவர் இவ்வூர்களிலும் இல்லாமலில்லை. அவர்களைத் தடுப்பது பெரியோர் கடமை. புறாவைப் பொறுத்தவரை திருகோணமலைக்கு வேறொரு பெருமை உண்டு. நிலாவெளிக்கு எதிரே, குடியேற்ற ஆட்சியில் சுடுபயிற்சித் தளமாக இருந்து 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவின் பாறை இடுக்குகளில், நகரத்துப் புறாக்களுக்கு மூதாதையான மாடப்புறா எவரும் இறைக்காத இரையைத் தானே தேடி உண்டு இன்றும் கூடு கட்டுகிறது.