ஒளியில் அழியும் அரக்கன்: ‘டிராகுலா’ புதினமும் ‘நோஸ்ஃபெராட்டு’ திரைப்படமும்

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாட்குறிப்புகள், கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றால் அமைந்த புதினம். டிராகுலாவின் நாட்குறிப்பு அவற்றுள் இல்லை; பிறர் எழுத்தின் வழியாகவே அவன் அறியப்படுகிறான். இவ்வாறு மறைந்து நின்று அச்சமூட்டுபவனைத் திரையில் காட்டியாக வேண்டும் என்பதே தழுவலின் சிக்கல். முர்னோ ‘நோஸ்ஃபெராட்டு’வில் (1922) நிழலை முதன்மைப்படுத்தி இதனை எதிர்கொண்டார்.

புதினத்தில் பகலிலும் நடமாடிக் கத்திகளால் மடியும் அரக்கன், படத்தில் சூரிய ஒளி பட்டு மறைகிறான். இம்மாற்றத்தைப் பிழையெனல் பொருந்தாது. ஒளியும் நிழலுமே மௌனப்படத்தின் மொழி. எனினும் இழப்பும் உண்டு. புதினத்தின் மினா ஆவணங்களைத் தட்டச்சு செய்து தொகுத்துப் பகைவனின் வழியை உய்த்துணர்கிறாள். படத்தின் எல்லெனோ, கைக்குக் கிடைத்த நூலொன்று கூறியவாறு தன்னைப் பலியிடுகிறாள். எனவே தழுவலை மதிப்பிடுகையில், அரக்கனின் உருமாற்றத்தோடு அவனை எதிர்ப்போரின் அறிவுக்கு நேர்ந்ததையும் ஆராய்தல் வேண்டும்.