நான், நாங்கள், நாம்: இரோம் ஷர்மிளாவின் 90 வாக்குகள்

தேர்தலில் நிற்பவர் தன் ஆதரவாளர்களுக்கு அவ்வப்போது சொல்லும் செய்திகளை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. இன்று எந்த ஊருக்குப் போனோம், எவ்வளவு நிதி சேர்ந்தது, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று சொல்லி, கூடவே இருங்கள் என்று முடியும் பேச்சு அது. ஆனால் இலக்கணம் கற்பிக்கிறவளுக்கு அதில் கவனிக்க ஒன்று உண்டு: தன்மைச் சொற்கள். வேட்பாளர் எப்போது 'நான்' என்கிறார்? எப்போது 'நாங்கள்', எப்போது 'நாம்'? கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். வாக்குக் கேட்பது என்பதே 'நாங்கள்' என்பதை 'நாம்' ஆக்கும் முயற்சிதான்.

இந்த அளவுகோலைக் கொண்டு, 2017 மணிப்பூர் சட்டமன்றத் தேர்தலில் இரோம் ஷர்மிளாவின் பிரச்சாரத்தை வாசிக்கலாம். அவருக்குக் கிடைத்தவை 90 வாக்குகள். மக்கள் நன்றி கெட்டவர்கள் என்றனர் ஒரு சாரார். அரசியல் தெரியாத அப்பாவி என்றனர் இன்னொரு சாரார். இரண்டு தரப்புமே அவரை ஒரு வேட்பாளராக வாசிக்கவில்லை.

2000 நவம்பரில் இம்பாலுக்கு அருகே மாலோமில் அசாம் ரைபிள்ஸ் படையினர் சுட்டதில் பொதுமக்கள் 10 பேர் இறந்தார்கள். ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி ஷர்மிளா உண்ணாவிரதம் தொடங்கினார். தற்கொலைக்கு முயன்றதாக வழக்கு, மருத்துவமனைக் காவல், மூக்கில் குழாய், விடுதலை, மறுபடி கைது என்று 16 ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் நம்மிடம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் அவர் படம்தான். குழாய் செருகிய முகத்தின் கீழே மற்றவர்கள் வாசகம் எழுதினார்கள். 'இரும்புப் பெண்மணி' என்ற பட்டமும் அப்படி எழுதப்பட்டதுதான். 'நாம்' என்று சொன்னவர்கள் ஆதரவாளர்கள். அந்தச் சொல்லுக்கு உடல் மட்டும் அவருடையது.

நம் மரபுக்கும் இது புதிதல்ல. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டான், நடுகல்லானான். கண்ணகி பேசினாள், மதுரையை எரித்தாள், பிறகு தெய்வமானாள். வடக்கிருந்த ஒருவர் எழுந்து வந்து சோறு கேட்டதாகச் சொல்லும் பாட்டை நான் வாசித்ததில்லை. தியாகம் செய்த பெண் அதன்பின் வாழ வேண்டியிருந்தால் அவளை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு நம்மிடம் இடமில்லை.

2016 ஆகஸ்ட் 9 அன்று ஷர்மிளா உள்ளங்கையில் தேனை விட்டு நக்கி உண்ணாவிரதத்தை முடித்தார். முதலமைச்சர் ஆக வேண்டும், அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவர் விருப்பங்களைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் எழுவாய் 'நான்'. தன்னைச் சாதாரண மனுஷியாக ஏன் பார்க்க மறுக்கிறார்கள் என்றும் கேட்டார். அன்றிரவு அவர் தங்கவிருந்த பகுதியில் இருந்தவர்கள் எதிர்த்தார்கள், மருத்துவமனைக்கே திரும்பினார். அவர் பேசாதிருந்தவரை அவருக்காகப் பேசியவர்கள், அவர் பேசத் தொடங்கியதும் விலகினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் அவரை மறுபடியும் பலியாள் ஆக்கிவிடுவோம். அவர் பிரச்சாரத்தின் மொழியையும் விமர்சிக்க வேண்டும். அதுவும் ஒரு மரியாதை. அக்டோபரில் 'மக்கள் எழுச்சி நீதிக் கூட்டணி' என்ற பொருளில் ஆங்கிலப் பெயரிட்ட கட்சியைத் தொடங்கினார். இணையம் வழியாகச் சிறுசிறு நன்கொடைகள் வந்தன. இம்பாலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துத் தௌபாலுக்குப் போனார். நின்றது, 2002 முதல் முதலமைச்சராக இருந்த ஓக்ரம் இபோபி சிங்கின் தொகுதியில். தூரத்திலிருந்து பார்க்கிற ஆதரவாளருக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? ஆனால் தௌபால் வாக்காளருக்கு அதில் என்ன இருந்தது? 2016 நவம்பரிலிருந்து நெடுஞ்சாலைகள் மறிக்கப்பட்டு, எரிவாயு சிலிண்டரும் பெட்ரோலும் எட்டாத விலைக்குப் போயிருந்தன. புதிய மாவட்டங்களைப் பற்றிய சண்டை வீடுவரை வந்திருந்தது. ஷர்மிளாவின் பேச்சின் மையமோ அந்த ஒரே சட்டமாக இருந்தது. நியாயமான மையம்தான். ஆனால் சிலிண்டருக்கு வரிசையில் நிற்கும் பெண்ணை அந்தச் சட்டத்தோடு இணைக்கும் வாக்கியம் அவள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. அவருடைய 'நாம்' டெல்லியிலும் பெங்களூரிலும் இருந்த ஆதரவாளர்களைச் சேர்த்துக்கொண்டது. தௌபாலுக்கு வரும்போது 'நாங்கள்' ஆகிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே 2017இல் வேறொரு மாநிலப் பேரவைத் தேர்தல் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பத்திரிகையாளரும் திருநங்கையுமான டேனிகா ரோம், 25 ஆண்டுகளாகப் பதவியிலிருந்த பாப் மார்ஷலை எதிர்த்து நின்றார். எதிராளி அவரைப் பெண் என்று குறிக்கவே மறுத்தார். ரோம் தன் அடையாளத்தை மறைக்கவில்லை. ஆனால் ஊர் ஊராகப் பேசியது 28ஆம் எண் சாலையின் போக்குவரத்து நெரிசலை. 'நம் சாலை' என்ற ஒரு சொல்லில் வாக்காளரும் அவரும் சேர்ந்து நின்றார்கள். வென்றார். ரோமுக்குக் கிடைத்த சாலை ஷர்மிளாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது திறமையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. 16 ஆண்டுகள் உடலாகவே வாசிக்கப்பட்டவரிடம் சாலையைப் பற்றிக் கேட்க யாரும் ஆயத்தமாக இல்லை.

இன்னொரு எண்ணும் உண்டு: 33. ஷர்மிளாவின் கட்சி நிறுத்திய மூன்று வேட்பாளர்களில் ஒருவரான நஜிமா பீபி வாப்காய் தொகுதியில் பெற்ற வாக்குகள் அவை. குடும்ப வன்முறைக்கு எதிராக உழைத்த முஸ்லிம் பெண். அவர் தேர்தலில் நிற்பதற்கு மதகுருக்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. செத்தால் புதைக்க இடம் கிடைக்காது என்ற மிரட்டலும் வந்தது. 90ஐ எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 33ஐ என் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. தியாகப் படம் இல்லாத பெண் வேட்பாளருக்கு நாம் தோல்வியைக்கூட எழுதிவைப்பதில்லை.

தௌபாலில் வாக்குப்பதிவு நடந்தது மார்ச் 8, பெண்கள் தினத்தில். முடிவுக்குப் பின் தேர்தல் அரசியலுக்கு இனி வரமாட்டேன் என்றார் ஷர்மிளா. அதே ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலில் திருமணம் செய்துகொண்டார். அந்தப் பதிவுக்கும் உள்ளூரில் ஆட்சேபம் எழுந்தது. ஒரு பெண் 'நான்' என்று சொல்லிக் கையெழுத்திட வந்தால் போதும், ஆட்சேபிக்க ஆள் வந்துவிடுகிறது.

வார்டு உறுப்பினராகவோ மாணவர் பேரவைக்கோ நிற்கும் தோழி நாளை உங்களுக்கு ஒரு செய்தி அனுப்புவாள். அதில் கண்ணீரையும் காயத்தையும் தேடாதீர்கள். தண்ணீர்க் குழாயைப் பற்றி என்ன சொல்கிறாள், கழிப்பறையைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று பாருங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் கேளுங்கள். ஷர்மிளாவின் ஆதரவாளர்கள் அவருக்கு நன்கொடையும் கைதட்டலும் அனுப்பினார்கள். வாக்காளர் கேட்கும் கேள்விகளையும் அனுப்பியிருக்கலாம்.