பயந்தாங்கொள்ளியின் புடவை

கொல்லிமலைப் பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது பழங்கதை. சிரிப்பும் பயமும் ஒரே முகத்தில் குடியிருப்பது நமக்குப் புதிதல்ல.

அப்படிச் சிரிப்பும் பயமும் கலந்து 2011இல் வந்த பேய்ப்படம் ‘காஞ்சனா’வில், அதை இயக்கி நாயகனாகவும் நடித்த ராகவா லாரன்ஸின் நடிப்பை இரைச்சல், மிகை என்று விமர்சகர்கள் சிலர் குறைசொன்னார்கள், திருநங்கையாக வந்த சரத்குமாரைப் பாராட்டினார்கள். பாராட்டு நியாயம். குறையை நான் ஏற்கமாட்டேன். பயத்தில் அம்மாவாக வரும் கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறும் அந்தப் பயந்தாங்கொள்ளி அவ்வளவு அலறியதால்தான், அந்தத் திருநங்கையின் ஆவி புகுந்தபின் அவர் வளையலும் புடவையுமாக நிமிர்ந்து நிற்பது உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. என்ன ஒரு உடல்மொழி!

2020இல் லாரன்ஸே இந்தப் படத்தை இந்தியில் அக்‌ஷய் குமாரை வைத்து எடுத்தார். அதில் நாயகன் பேயையே நம்பாதவன். அந்த நடுக்கம் போனதும் மாற்றத்தின் வீச்சும் போயிற்று.